நயாகரா மாமா

ஸ்காபரோவில் தமிழர் குடியிருக்கும் தெரு எதுவாக இருந்தாலும் அதில் ஒரு நயாகரா மாமா இருப்பார். வயது அறுபதை ஒட்டியிருக்கும். எண்பதுகளின் கடைசியில் கனடா வந்தவர். வந்து சேர்ந்த கதையை இரண்டே வரியில் முடித்துவிடுவார். நயாகராக் கதைக்கு மட்டும் முடிவே கிடையாது. சொந்தத்தில் யார் வந்து இறங்கினாலும், பியர்சன் விமான நிலையத்தில் பெட்டியைக் காரில் ஏற்றும்போதே கேட்பார்: "அப்ப எப்ப நயாகரா போவம்?"

விருந்தாளிகள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில்தான் வந்து மாட்டுவார்கள். ரிக்கெற் மலிவான காலம். விசிட்டர் விசா கிடைத்த சந்தோஷத்தில் யாழ்ப்பாணத்து மூத்த அக்கா நாள் நட்சத்திரம்கூடப் பாராமல் பிளேன் ஏறிவிடுவா. லண்டன் மச்சான், "எங்களுக்கும் குளிர் தெரியும்" என்று ஒரு மெல்லிய கோட்டோடு வந்து இறங்குவார். மாமா இருவருக்கும் ஒரே உறுதிமொழிதான் கொடுத்திருப்பார்: "பயப்பிடாதேங்கோ, மார்ச்சில ஸ்பிரிங் வந்திடும்." 20ஆம் திகதியளவில் வசந்தம் தொடங்குகிறது என்று குசினிச் சுவரில் தொங்கும் பலசரக்குக்கடைக் கலண்டரே சொல்கிறது. அதற்குமேல் வானம் என்ன சொன்னாலும் அவருக்குக் கணக்கில்லை.

உண்மையில் அவருடைய வசந்தம் பெப்ரவரி 2ஆம் திகதியே ஆரம்பமாகிவிடும். அன்றுதான் ஒன்ராறியோவில் உள்ள வயார்ட்டன் என்ற ஊரில் வில்லி என்கிற கிரவுண்ட்ஹொக் வெளியே வந்து தன் நிழலைப் பார்க்கும். நிழல் தெரிந்தால் இன்னும் ஆறு கிழமை குளிர், தெரியாவிட்டால் வசந்தம் கெதியில் வரும் என்பது ஐதீகம். ஊரில் பல்லி சொன்ன பலனை நம்பாத மாமா, வில்லி சொல்வதை மட்டும் நம்புவார். அதுவும் நல்ல செய்தி சொல்லும் வருடங்களில்தான். மற்ற வருடங்களில், "உந்த எலிக்கு என்ன தெரியும்?"

மார்ச் பிறந்ததும் ஸ்நோ அள்ளும் ஷவலைக் கழுவித் துடைத்துக் கராஜின் பின்சுவரில் மாட்டிவிடுவார். இரண்டாம் நாளே ஸ்நோ கொட்டும். மாட்டியவர் எடுக்க வெட்கப்படுவார் என்பதால் மாமிதான் போய் எடுத்துவருவா. வரவேற்பறை யன்னலோரம் ஒரு கறிவேப்பிலைச் செடி குளிர்காலம் முழுக்க வீட்டுக்காரரைவிடச் சொகுசாக இருக்கும். அதன் காலடியில் தயிர் டப்பாக்களில் மிளகாயும் கத்தரியும் முளைத்து நிற்கும். மே மாதத்து விக்டோரியா தினம் வரும்வரை ரொறன்ரோவில் வெளியே கன்று நடுவது ஆபத்து என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும், மாமா உட்பட.

பயணம் ஒரு சனிக்கிழமை. மாமி விடியப்புறம் எழும்பிப் புளிச்சாதம் கட்டி, றோல்ஸ் பொரித்து, பிளாஸ்கில் தேத்தண்ணி நிரப்புவா. மற்றக் காலம் என்றால் புல்தரையில் பாய் விரிக்கலாம். மார்ச்சில் காருக்குள்தான் பந்தி.

குயின் எலிசபெத் நெடுஞ்சாலையில் ஏறியதும் மாமாவின் வர்ணனை தொடங்கும். மற்ற வழிகாட்டிகள் இருப்பதைக் காட்டுவார்கள். மாமா காட்டுவதெல்லாம் அங்கே இல்லாதவை. ஹமில்டன் தாண்டியதும் இரண்டு பக்கமும் பழுப்புக் குச்சிகளாக மரங்கள் நிற்கும். "அக்கா, உது முழுக்கப் பீச்சஸ். மேயில பாக்கவேணும், பூத்துக் கொட்டும்." அக்கா குச்சிகளைப் பார்ப்பா. "அங்கால திராட்சைத் தோட்டம்." அக்கா கம்பிகளையும் கட்டைகளையும் பார்ப்பா. "கோடையில இந்த றோட்டில கார் நகராது." கார் பறந்துகொண்டிருக்கும்.

நயாகராவில் இறங்கியதும் முதல் உத்தரவு அருவியைப் பற்றியதல்ல. "எல்லாரும் போனை எயார்பிளேன் மோட்டில போடுங்கோ. அங்கால அமெரிக்கா. சிக்னல் தாவினால் காசு ஏறும்!" இரண்டாவது உத்தரவு மாமியிடமிருந்து வரும்: "இஞ்சருங்கோ, காரை ஓவ் பண்ணாதேங்கோ. நான் உள்ளுக்க இருக்கிறன், நீங்கள் பாத்திட்டு வாங்கோ." மாமி இந்த அருவியைப் போதுமான அளவு பார்த்தவ.

சாரல் தெறித்துத் தெறித்துக் கைபிடிக் கம்பியெல்லாம் கண்ணாடியாக உறைந்திருக்கும். மரக்கிளைகளில் ஐஸ் விழுது தொங்கும். லண்டன் மச்சானின் காது சிவந்து, பிறகு வெளுத்துப்போகும். "உது குளிர் இல்லை, காத்துத்தான்" என்பார் மாமா. கீழே உறைந்து கிடக்கும் படகுத்துறையைச் சுட்டிக் காட்டி, "அதிலைதான் கப்பல் ஓடும். நீலக் கோட்டும் சிவப்புக் கோட்டும் போட்டுச் சனம் நிரம்பி வழியும்."

மச்சான் குளிருக்குப் பழிவாங்குவார். "அத்தான், இது 57 மீற்றர்தானே? எங்கட இலங்கையில பம்பரகந்த அருவி 263 மீற்றர்."

"உயரம் ஆருக்கு வேணும்? குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு கிடக்கிற விளிம்பைப் பாரும், 670 மீற்றர்!" அத்தோடு நில்லாமல் 1848க்குப் போவார். அந்த மார்ச் கடைசியில் ஈரி ஏரியிலிருந்து வந்த ஐஸ் ஆற்றின் வாயை அடைக்க, அருவி ஒரு நாளுக்கும் மேலாக நின்றே போனது. சனம் வறண்ட ஆற்றுப் படுகையில் இறங்கி நடந்தது. உலகம் முடிகிறதென்று தேவாலயத்துக்கு ஓடியவர்களும் உண்டு. மாமா சொல்லும் தோரணையில் அன்றைக்கும் அவர் யாரோ விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்ததாகவே தோன்றும். 1964இலிருந்து குளிர்காலம்தோறும் ஏரிவாயில் மிதக்கும் தடுப்பொன்றைப் போட்டு ஐஸைப் பிடித்து வைக்கிறார்கள் என்பதை, ஏதோ தானே கட்டிவிட்டு வந்ததுபோல் சொல்லி முடிப்பார்.

அக்கா ஒன்றும் பேசாமல் நிற்பா. அவ பிறந்து வளர்ந்த குடாநாட்டில் ஆறு என்று சொல்லக்கூடியது வழுக்கியாறு ஒன்றுதான். அதுவும் மாரிமழைக்கு மட்டும் ஓடும். மற்றபடி கிணறுதான், அதிலும் பாதி உவர். கடைசியில் கேட்பா:

"தம்பி, இது நல்ல தண்ணியோ?"

"ஓமக்கா, குடிக்கிற தண்ணி."

"அப்ப ஏன் இப்பிடிச் சும்மா விடுறாங்கள்?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. மாமா திணறும்போது, போனில் இருந்து தலையைத் தூக்கும் கடைக்குட்டி மகன் பதில் சொல்வான். சும்மா விடவில்லையாம். 1950இல் கனடாவும் அமெரிக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து ஒக்ரோபர் முடியும்வரை பகலில் வினாடிக்குக் குறைந்தது 1,00,000 கன அடி தண்ணீர் அருவியில் விழவேண்டும். குளிர்காலத்தில் 50,000 போதும். மிச்சத்தை மின்சாரத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

"அப்பா, இப்ப விழுறது ஹாஃப் தான்."

மாமா வாயடைத்து நிற்பது அபூர்வம். வந்த சொந்தங்களுக்கெல்லாம் இத்தனை காலமும் பாதி நயாகராவைக் காட்டி அனுப்பியிருக்கிறார் என்ற கணக்கு அவர் முகத்தில் ஓடும். ஆனால் இல்லாததைக் காட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? மெல்ல உயர்ந்து, தண்ணீருக்கு மேலே வெறும் ஆகாயத்தைச் சுட்டும்.

"பாதியே இவ்வளவு எண்டால் அக்கா, முழுசை யோசிச்சுப் பாருங்கோ!"

அக்கா யோசிப்பா. பிறகு, "எனக்குப் பாதி காணும், காருக்குப் போவம்" என்பா.

வசந்தம் என்றோ ஒருநாள் வரத்தான் செய்யும். அது வரும்போது மாமாவைப் பிடிக்க முடியாது: புல்லு வெட்டவேணும், நுளம்புக் கடி, வெக்கை என்று முறைப்பாடுதான். அப்படியொரு நாளில் ஜேர்மனியிலிருந்து தங்கச்சி போன் எடுப்பா: "அண்ணை, பிள்ளையளுக்கு லீவு. ஜூலையில வரட்டோ? நயாகராவும் பாக்கலாம்."

"ஜூலையிலயோ?" மாமாவின் குரல் இறங்கிவிடும். "சரியான சனம் பிள்ளை. பார்க்கிங்கும் கிடையாது. பூவும் பூத்திருக்கும், கப்பலும் ஓடும், தண்ணியும் முழுசா விழும். எல்லாம் கண்ணுக்கு முன்னால நிண்டால் பிறகு நான் என்னத்தைக் காட்டுறது?"