ரூபாய்க்குப் பத்துப் பைசா வாசகன்

எங்கள் அறை நண்பர்களில் ஒருவனுக்கு அமெரிக்க அரசியல் அத்துப்படி. செனட்டில் 100 பேர், மாநிலத்துக்கு இரண்டு பேர், பென்சில்வேனியா சாய்ந்தால் யார் ஜெயிப்பார், ஜார்ஜியா கவிழ்ந்தால் யாருக்கு லாபம் என்று விடிய விடியப் பேசுவான். இன்னொருவன் மத்திய கிழக்கு நிபுணன். மூன்றாமவன் எந்தக் கட்சி எதனோடு கூட்டணி வைக்கும் என்பதைக் கட்சிக்காரர்களுக்குத் தெரியும் முன்பே சொல்லிவிடுவான். அப்படி நடக்காவிட்டால் கட்சிகள் தப்புப் பண்ணிவிட்டன என்பான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். டீ செலவு என்னுடையது என்பதால் சபையில் எனக்கும் ஒரு மரியாதை உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை வாங்க வந்த வீட்டு ஓனரம்மா, வாசலில் நின்று கொஞ்ச நேரம் இந்த உலக அரசியலைக் கேட்டார். பிறகு, "இவ்ளோ பேசுறீங்களே தம்பி, நம்ம கவுன்சிலர் யாரு?" என்றார்.

சபை அமைதியானது. கடைசியில் மத்திய கிழக்குதான் வாயைத் திறந்தது. "இங்க கவுன்சிலர்லாம் இருக்காங்களா ஆன்ட்டி?"

"இருக்காங்கப்பா. தெருமுனைல அவங்க வண்டி மேலதான் நீங்க சாஞ்சு நின்னு அரசியல் பேசுறீங்க."

அவன் கேள்வியிலும் ஒரு நியாயம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். சென்னை மாநகராட்சியின் பழைய மன்றத்துக்கு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்து வருஷத்துக்கும் மேலாக இந்த ஊரின் 200 வார்டுகளுக்கும் கவுன்சிலர் கிடையாது, மேயரும் கிடையாது. அதிகாரிகள்தான் நடத்தினார்கள். 1688-இல் பிறந்த மாநகராட்சி, நாட்டிலேயே பழமையானது என்று பெருமை வேறு. வெள்ளை மாளிகை நாற்காலி ஐந்து மணி நேரம் காலியாக இருந்தால் எங்கள் அறையில் அடுப்பு எரியாது. மாநகராட்சி இயங்கும் ரிப்பன் மாளிகையின் நாற்காலி ஐந்து வருஷம் காலியாக இருந்தது, யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஒருவழியாகத் தேர்தல் வந்தபோது சென்னையில் பதிவான ஓட்டு நூற்றுக்கு 44 கூட இல்லை. அன்றைக்குச் சனிக்கிழமை. எங்கள் ஐ.டி. கூட்டத்துக்கு எப்படியும் விடுமுறை. "இளைஞர்கள் அரசியலுக்கு வரணும்" என்று போர்வைக்குள்ளிருந்து ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான், ஆர். பிரியா 28 வயதில் மேயரானார். சென்னையின் முதல் தலித் பெண் மேயர். வரச் சொன்னோம், வந்துவிட்டார். அதற்குள் நாங்கள் ஜார்ஜியாவுக்குப் போய்விட்டோம்.

தூரத்து அரசியலில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அங்கே நமக்கு ஓட்டு இல்லை, அதனால் பொறுப்பும் இல்லை. பென்சில்வேனியாக்காரர் யாரும் வந்து, "நீ ஏன் அன்னைக்கு பூத்துக்கு வரல?" என்று கேட்கமாட்டார்.

உள்ளாட்சி பற்றி எங்கள் கூட்டம் பெருமைப்படும் ஒரே இடம் உத்திரமேரூர். குடத்தில் ஓலை போட்டு ஆளெடுத்த குடவோலை முறை பற்றி மாதம் ஒரு ஃபார்வர்டு வந்துவிடும். பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டிலேயே தேர்தல் விதி இருந்தது, உலகத்துக்கே நாம்தான் ஜனநாயகம் கற்றுக்கொடுத்தோம் என்று கைகூப்பும் பொம்மையோடு வரும். அனுப்புகிறவர்கள் கல்வெட்டை முழுசாகப் படித்ததாகத் தெரியவில்லை. வேட்பாளருக்குக் கால் வேலி நிலம் வேண்டும், அது வரி கட்டும் நிலமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். எங்கள் அறையில் நிலமும் இல்லை, வீடும் இல்லை, 35 வயதும் இல்லை. வேதத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குடத்துக்குப் பக்கத்திலேயே விட்டிருக்கமாட்டார்கள். அதே கல்வெட்டில், பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய சொந்தங்களும் மறுபடி நிற்கக் கூடாது என்று ஒரு விதியும் உண்டு. ஃபார்வர்டில் இந்த வரி மட்டும் எப்போதும் விடுபட்டுவிடுகிறது. இன்றைக்கு 21 வயது ஆகியிருந்தால் வாடகை வீட்டில் இருப்பவனும் கவுன்சிலருக்கு நிற்கலாம். இந்த விஷயத்தில் சோழரைவிட, நகர உள்ளாட்சிக்கான 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் எனக்குப் பிடிக்கும்.

தூரத்தைப் பார்த்துப் பக்கத்தை விடுகிற இதே கதைதான் எங்கள் வாசிப்பிலும். எங்கள் அறை அலமாரியில் அரசியல் நூல்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய்த் தலையணைத் தடிமனில் வாங்கி வருகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே குணம்: முன்னுரை வரை பக்கம் கசங்கியிருக்கும், அதற்கப்புறம் அச்சகத்திலிருந்து வந்த மேனிக்கு இருக்கும். ஓனரம்மாவிடம் அலமாரி கிடையாது. ஆனால் அரையாண்டுக்கு ஒருமுறை வரும் சொத்து வரி ரசீதை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படிப்பார். முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் குறையும் என்பது அவருக்குப் பிள்ளைகளின் பிறந்தநாள் போல ஞாபகம். அவர்தான் விரலை வைத்துக் காட்டினார்: "இது நூலக வரி. நீ குடுக்குற வாடகைலதான் இதையும் கட்டுறேன். புக்கு எடுக்கப் போறியா இல்லையா?"

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்கு. நூலகத்துக்கென்று வரி என்பது 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். அதற்காகப் பல காலம் விடாமல் மல்லுக்கட்டியவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். கணக்கு வாத்தியார் என்பதால்தான் வரியில் போய்க் கைவைத்தார் என்று நினைக்கிறேன். தமிழ் வாத்தியாராக இருந்திருந்தால் ஒரு வாழ்த்துப்பாவோடு விட்டிருப்பார். மாநகராட்சி வசூலிக்கிறது, பணம் நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது, அதில் புத்தகம் வருகிறது. ஆக, சென்னையில் கூரைக்கடியில் தூங்குகிற ஒவ்வொருவனும், படித்தாலும் படிக்காவிட்டாலும், ரூபாய்க்குப் பத்துப் பைசா வாசகன்.

கட்டிய காசை விடக் கூடாது என்று கிளை நூலகத்துக்குப் போனேன். வாசல் பலகையில் ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலரானவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. உள்ளே உட்கார இடமில்லை. சென்னையில் யாரும் படிப்பதில்லை என்று கட்டுரை எழுதுபவர்கள் ஒருநாள் அங்கே வந்து நிற்க வேண்டும், உட்கார முடியாது. அத்தனை பேரும் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறவர்கள். பக்கத்தில் இருந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் 1882, 74-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993 ஜூன் 1, 12-ஆவது அட்டவணையில் 18 துறைகள் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். பூங்காவிலிருந்து சுடுகாடு வரை வரிசை மாறவில்லை. அசந்துபோய், "உங்க வார்டு கவுன்சிலர் யாரு தம்பி?" என்றேன்.

"அது சிலபஸ்ல இல்லண்ணா."

அவனிடமிருந்து நான் தெரிந்துகொண்ட இன்னொரு விஷயமும் உண்டு. கிராம ஊராட்சிகளுக்கான 11-ஆவது அட்டவணையில் நூலகம் என்று தனியாகவே ஓர் இனம் இருக்கிறது. நகரங்களுக்கான 12-ஆவது அட்டவணையில் அது இல்லை. இறைச்சிக் கூடம் இருக்கிறது, மாட்டுப் பட்டி இருக்கிறது, நூலகம் இல்லை. நகரத்துக்காரன் எப்படியும் படிக்கமாட்டான் என்று டில்லியில் அப்போதே யாரோ கணித்திருக்கிறார்கள். ரங்கநாதனின் பத்துப் பைசா இல்லாவிட்டால் அந்தப் பையனுக்கு நாற்காலி கிடையாது, மின்விசிறி கிடையாது.

இப்போதெல்லாம் தெருமுனையில் ஒரு வண்டி மேல் சாய்வதற்கு முன்னால் அது யாருடையது என்று பார்த்துக்கொள்கிறோம். போனில் பிரியாணிக்கு மூன்று செயலி வைத்திருப்பவர்கள், மாநகராட்சியின் புகார் எண் 1913-ஐயும் சேமித்துக்கொள்ளலாம். ரிப்பன் மாளிகை திறந்ததும் 1913-இல்தான், மறக்காது. கவுன்சிலரை எங்காவது பார்த்தால், வசூலான நூலக வரி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள், வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள். அன்றைக்கு விடுமுறை.