59-க்குள் செத்துவிடுங்கள்

செஞ்சியில் ஒரு பரோட்டா மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். வயது நாற்பதைத் தாண்டவில்லை என்று வையுங்கள். பிணம் வீட்டுக்கு வருமுன் ‘கண்ணீர் அஞ்சலி’ ஃப்ளெக்ஸ் தெருமுனைக்கு வந்துவிடும். செத்தவர் படம் தபால்தலை அளவு. அஞ்சலி செலுத்தும் பிரமுகர் எட்டடி. கை கூப்பியிருப்பார். அந்தக் கை சட்டைப்பைப் பக்கம் போவதில்லை.

அதே தெருவில் கூட வேலை பார்த்தவர்கள் பிளாஸ்டிக் வாளியோடு கடை கடையாக ஏறுகிறார்கள். வாளியில் கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. குளிர்பெட்டி வாடகை, பந்தல், பாடை, மேளம், குழி வெட்டுகிறவர் கூலி. அப்புறம் பதினாறாம் நாள் காரியம். அதற்கும் அப்புறம் இரண்டு பிள்ளைகள். வாளி அவ்வளவு பெரிதில்லை.

அரசாங்கம் கொடுக்காதா? கொடுக்கும். தேசிய குடும்ப நல உதவித் திட்டத்தில் 20,000 ரூபாய். நிபந்தனைகள் லேசானவைதான். வறுமைக் கோட்டுக்குக் கீழே நின்றபடி சாக வேண்டும். 59 வயதுக்குள் சாக வேண்டும். அறுபதைத் தொட்டுவிட்டுச் செத்தால் சல்லிக்காசு கிடையாது. 2012இல் வைத்த தொகை இது. அதற்கப்புறம் தங்கம் ஏறியது, கேஸ் ஏறியது, எம்.பி. சம்பளம் ஏறியது. ஏழையின் சாவு மட்டும் விலைவாசியோடு சேரவில்லை.

அதை வாங்க இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ‘கட்டணமில்லை’க்கு என்ன ரேட் என்று எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் சொல்வார். பக்கத்து மேல்மலையனூரில் மயானக் கொள்ளைத் திருவிழா மாசி மாதத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கே அம்மனாவது இருக்கிறாள்.

எல்லாச் சாவும் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். 2023 மே மாதம் இதே விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் விஷச்சாராயம் குடித்துச் செத்தவர்கள் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் 10 லட்சம். கொடுத்தது தப்பில்லை, அப்பன் குடித்ததற்குப் பிள்ளை என்ன செய்யும்? ஆனால் கணக்கைப் பாருங்கள். டிவியில் வந்த சாவு ஒன்று, வராத சாவு ஐம்பதுக்குச் சமம். பரோட்டா மாஸ்டர் தனியாகச் செத்தார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான். துணைக்குப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு செத்திருந்தால் அமைச்சரே மாலையோடு வந்திருப்பார்.

பிள்ளைகளுக்கு ‘அன்புக்கரங்கள்’ இருக்கிறது, 2025 செப்டம்பரிலிருந்து. மாதம் 2,000. நாளுக்கு 66 ரூபாய்; அப்பா வீசிய பரோட்டாவில் மூன்றோ நான்கோ. அதுவும் பெற்றோர் இருவரும் போயிருக்க வேண்டும். ஒருவர் மிஞ்சினால், அவர் வளர்க்க முடியாத நிலையில் கிடக்க வேண்டும். இங்கே அம்மா கல்லுபோல இருக்கிறாள். தகுதியில்லை. அவளுக்கு வாளி இருக்கிறது.

ஊருக்கும் ஒன்றும் குறைவில்லை. 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. இந்தக் கோட்டைக்காக 1714இல் ராஜா தேசிங்கு ஆற்காட்டு நவாப் படையோடு மோதிச் செத்தான். உடன்கட்டை ஏறிய அவன் மனைவி நினைவாகத்தான் அதே நவாப் ராணிப்பேட்டைக்குப் பெயர் வைத்தார் என்பார்கள். போரில் கொன்ற தரப்புக்கே அவ்வளவு கூச்சம் இருந்திருக்கிறது. பரோட்டா மாஸ்டரை யாரும் கொல்லவில்லை. ஆகவே யாருக்கும் கூச்சமில்லை.

பதினாறாம் நாள் பிரமுகர் நேரிலேயே வருவார். வாளியில் ஐந்நூறு ரூபாய்த் தாளைப் போடுவார். போட்டோ சரியாக விழவில்லை என்பார்கள். எடுத்து மறுபடி போடுவார். வெளிச்சம் போதவில்லை என்பார்கள். மறுபடி எடுப்பார். அதற்குமேல் பார்க்க முடியாது, கரைவேட்டிகள் மறைத்துக்கொள்ளும்.