வாசகர் வரத்து: உத்தியாரும் ஏரியாரும்

வலைப்பூ என்பது ஒருவர் எழுதியதை, யாருடைய ஒப்புதலும் கேட்காமல், பிந்தியது மேலும் முந்தியது கீழுமாக அடுக்கிக் காட்டும் இணையப் பக்கம். ஆசிரியர் குழு கிடையாது. திருப்பி அனுப்பத் தபால்தலை வைக்க வேண்டியதில்லை. 1999-இல் வந்த பிளாகரோ 2003-இல் வந்த வேர்ட்பிரஸோ போதும்; கால் மணி நேரத்தில் தொடங்கிவிடலாம். ஆகவே இத்துறையில் எழுதுவோருக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பஞ்சம் படிப்போருக்குத்தான்.

படிப்போரைச் சேர்ப்பதில் இரண்டு கொள்கைகள் உண்டு: ஒன்று உத்திக் கொள்கை, மற்றது சரக்குக் கொள்கை. முதலாவதன் சார்பில் இங்கே பேசுபவர் உத்தியார். 2006 முதல் வலைப்பூ நடத்துபவர், கைவசம் எட்டு வைத்திருப்பவர். இரண்டாவதன் சார்பில் பேசுபவர் ஏரியார். பொதுப்பணித் துறையில் பணி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தாம் பார்த்த ஏரிகளின் மதகு, மிகுநீர் வழியும் கலிங்கு, வரத்துக்கால் பற்றி எழுத விரும்புபவர்.

1. பொருள்

உத்தியார்: என்ன எழுதப் போறோம்னு முதல்லயே முடிவு பண்ணக் கூடாது சார். ஜனங்க எதைத் தேடுறாங்கன்னு பாக்கணும். ராசிபலன், அகவிலைப்படி, நடிகை கல்யாணம், சர்க்கரைக்குப் பாகற்காய். இதுல ஒண்ணப் பிடிச்சுக்குங்க.

ஏரியார்: எனக்கு ஏரி மட்டும்தான் தெரியும் தம்பி.

உத்தியார்: தெரிஞ்சத எழுதினா ரெண்டு வருஷத்துல தீந்துடும். தெரியாதத எழுதுனா தீரவே தீராது.

உத்தியாரின் வாதத்தில் ஒரு பாதி உண்மை. பலர் தேடும் பொருளுக்கு வாசகர் பலர். ஆனால் எழுதுவோரும் பலர். பாகற்காய்க்குப் புதிதாக வரும் பக்கம், ஏற்கெனவே வரிசையில் நிற்கும் ஆயிரக்கணக்கான பாகற்காய்ப் பக்கங்களுக்குப் பின்னால் போய் நிற்கிறது. சிலர் மட்டுமே தேடும் பொருள்கள் தனித்தனியே சிறியவை, கூட்டினால் பெரியவை என்பதை 2004-இல் கிறிஸ் ஆண்டர்சன் ‘நீண்ட வால்’ என்ற பெயரில் விளக்கினார். அவர் சொன்னது இணைய வணிகத்தைப் பற்றி. எழுத்துக்கும் அது பொருந்தும். தம் ஊர் ஏரியில் ஆக்கிரமிப்பு என்றால் யாரிடம் மனுக் கொடுப்பது என்று தேடுபவர் கொஞ்சம் பேர்தான். ஏரி நீர் பாயும் பரப்பாகிய ஆயக்கட்டு 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் என்றால் அரசின் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்று எழுதி வைத்தவருக்கு அந்தக் கொஞ்சம் பேரும் வாசகர்.

2. பெயர், தலைப்பு, முகவரி

உத்தியார்: வலைப்பூவுக்கு ‘அதிரடி ஏரி 24’னு பேர் வைப்போம்.

ஏரியார்: 24 எதுக்கு?

உத்தியார்: இருபத்து நாலு மணி நேரமும் இயங்குதுன்னு அர்த்தம்.

ஏரியார்: நான் ராத்திரி ஒம்பது மணிக்குத் தூங்கிடுவேனே.

உத்தியார்: பரவால்ல. முதல் இடுகைக்குத் தலைப்பு: ‘இந்த ஏரியில் நடந்ததைக் கேட்டால் அதிர்ந்துபோவீர்கள்!’

ஏரியார்: என்ன நடந்துச்சு?

உத்தியார்: உள்ள எதையாவது எழுதிக்கலாம் சார். தூர் வாரினாங்கன்னு எழுதுங்க.

ஏரியார்: நெசமாவே வாரியிருந்தா அது அதிர்ச்சியான சேதிதான். தலைப்பு இருக்கட்டும்.

தலைப்பின் வேலை, உள்ளே இருப்பதைச் சொல்வது. சொன்னது உள்ளே இல்லாவிட்டால் வந்தவர் அடுத்த முறை வரமாட்டார். முகவரியிலும் கவனம் தேவை. பிளாகரில் தலைப்பைத் தமிழில் மட்டும் தட்டி வெளியிட்டால், முகவரியில் அந்தத் தலைப்பு வராது. ‘பிளாக் போஸ்ட்’ என்பதும் ஓர் எண்ணும்தான் விழும். அதனால் பழைய பதிவர்கள் முதலில் ஆங்கிலத்தில் தலைப்பிட்டு வெளியிட்டு, முகவரி உறுதியானதும் திரும்பப் போய்த் தமிழ்த் தலைப்பை வைத்தார்கள். முகவரியைத் தனியாக அமைத்துக்கொள்ளும் வசதி பிற்பாடு வந்தது.

3. திரட்டி

தமிழ் வலைப்பூக்களுக்கு முதல் பெருங்கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தவை திரட்டிகள். 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் இவற்றில் முன்னோடி. தேன்கூடு, தமிழ்வெளி, திரட்டி, பின்னாளில் இன்ட்லி என்று பெயர் மாறிய தமிழிஷ் ஆகியவை தொடர்ந்து வந்தன. ஒவ்வொரு வலைப்பூவும் வெளியிடும் செய்தியோடையைப் படித்து, புதிய இடுகைகளை ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்துவது இவற்றின் வேலை. புதியது மேலே ஏறும். அடுத்தது வந்ததும் கீழே இறங்கும். மேலே நிற்கும் நேரம்தான் ஓர் இடுகையின் ஆயுள் என்று ஆனதால், அந்த நேரத்தை நீட்டும் கலையும் கூடவே வளர்ந்தது.

உத்தியார்: சனி, ஞாயிறு இடுகை போடவே கூடாது சார். ஆபீஸ் இருந்தாத்தான் படிப்பாங்க.

ஏரியார்: சம்பளத்தோட படிச்சாங்கன்னு சொல்லுங்க.

உத்தியார்: அப்புறம் ஓட்டு. நான் உங்களுக்கு ஒண்ணு குத்துவேன், நீங்க எனக்கு ஒண்ணு குத்தணும். குத்திட்டு ‘த.ம. 1’னு, அதாவது தமிழ்மணத்துல ஒரு ஓட்டுன்னு, பின்னூட்டத்துல எழுதிட்டுப் போகணும், அதான் ரசீது.

ஏரியார்: படிச்சிட்டுத்தானே குத்தணும்?

உத்தியார்: படிச்சிக்கிட்டிருந்தா ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குக் குத்த முடியும்?

நல்ல இடுகையை வாசகர் அடையாளம் காட்டத் திரட்டியில் ஏற்பட்டது வாக்கு; அந்த நோக்கத்தை வாக்கு வேட்டை கெடுத்தது. ஓர் அளவுகோலே இலக்காகிவிட்டால் அது அளக்கும் தகுதியை இழந்துவிடும் என்ற விதி, 1975-இல் சார்லஸ் குட்ஹார்ட் பணக் கொள்கை பற்றிச் சொன்னதிலிருந்து பிறந்தது. தமிழ்ப் பதிவர்கள் அதைப் பொருளியல் படிக்காமலே செய்து காட்டினார்கள்.

4. பின்னூட்டம்

தமிழ்மண முகப்பில், அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளுக்கும் ஒரு வரிசை இருந்தது. ஒரு மறுமொழி விழுந்தால் பழைய இடுகையும் மேலே வரும். இதிலிருந்து ‘மீ த பர்ஸ்ட்’, ‘ரிப்பீட்டு’ முதலிய ஒரு வரிப் பின்னூட்டங்களும், நண்பர்கள் கூடி அரட்டையடிக்கும் கும்மியும் பெருகின. வந்த பத்துப் பேருக்குப் பத்துத் தனி நன்றி சொல்லி எண்ணிக்கையை இருபதாக்குவதற்குப் ‘பின்னூட்டக் கயமை’ என்று பதிவர்களே பெயர் சூட்டினார்கள். அந்த வரிசையில் இடம்பெறும் இடுகைகளின் மறுமொழி எண்ணிக்கைக்குத் தமிழ்மணம் ஓர் உயரெல்லை வகுக்க வேண்டியதாயிற்று.

உத்தியார்: பின்னூட்டமே வரலைன்னா, நீங்களே அனானியா வந்து திட்டணும் சார்.

ஏரியார்: யாரை?

உத்தியார்: உங்களைத்தான். அப்புறம் உங்க பேர்ல வந்து பொறுமையா பதில் சொல்லணும். சண்டைன்னா கூட்டம் தானா கூடும்.

ஏரியார்: வீட்டுல பாத்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவாங்க தம்பி.

பின்னூட்டம் இல்லாததால் வாசகர் இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. இணையக் குழுக்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் படிப்பதோடு நிற்பார்கள், 9 விழுக்காட்டினர் எப்போதாவது எழுதுவார்கள், மீதி 1 விழுக்காட்டினரே பெரும்பகுதியை எழுதுவார்கள் என்று 2006-இல் யாக்கோபு நீல்சன் எழுதினார். வலைப்பூக்களில் பேசுவோர் பங்கு இன்னும் குறைவு என்றார். பிறர் வலைப்பூவில் போய்த் தம் முகவரியை ஒட்டிவிட்டு வருவதால் தேடுபொறியில் உயர்வதும் இல்லை. அத்தகைய இணைப்புகளைக் கணக்கில் சேர்க்காமலிருக்க 2005-இலேயே ஒரு குறியீடு வந்துவிட்டது. பிறர் எழுதியதை முழுதும் படித்து, அதில் விடுபட்ட ஒரு தகவலைச் சேர்த்துவிட்டு வருபவரைத் தேடி நாலு பேர் வருவது மட்டும் அன்றும் இன்றும் நடக்கிறது.

5. எண்ணிக்கை

உத்தியார்: நேத்து மட்டும் நானூறு ஹிட்ஸ் சார். அதுல முந்நூத்தம்பது ரஷ்யாவுல இருந்து.

ஏரியார்: ரஷ்யாவுல யாரு தம்பி தமிழ் படிக்கிறா?

உத்தியார்: ஏன் சார், மாஸ்கோவுல தமிழ்ப் புத்தகமே அச்சடிச்சாங்களே!

ஏரியார்: அதையெல்லாம் நியூ செஞ்சுரில வாங்கிப் படிச்சவன் நான். அவங்க கடையைக் கட்டி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. மீதி அம்பது?

உத்தியார்: முப்பது நான்தான். சரியா வந்திருக்கான்னு அப்பப்ப பாப்பேன்.

ரஷ்ய வாசகர் என்று பிளாகர் கணக்கில் தெரிந்தவை பெரும்பாலும் மனிதர்கள் அல்ல, தானியங்கி நிரல்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் பட்டியலில் தம் தளத்தின் முகவரியைப் பதித்துவிட்டுப் போவது அவற்றின் தொழில்; ஆவலில் அதைச் சொடுக்கும் வலைப்பூக்காரர்தான் அவற்றுக்கு வேண்டிய வாசகர். சொந்த வருகையைக் கணக்கில் சேர்க்காதிருக்கும் வசதி பிளாகரிலேயே உண்டு. இணையதளங்களை வரிசைப்படுத்திய அலெக்சா தரவரிசையில் லட்சத்துக்குள் வந்ததைப் பலர் விழாவாகக் கொண்டாடியதும் உண்டு. அந்தச் சேவை 2022 மே 1-இல் மூடப்பட்டது.

ஏரியார்: ஒரே மழையில வந்த தண்ணி அன்னைக்கே கலிங்கு தாண்டிப் போயிட்டா, அதை ஏரிக் கணக்குல எழுத மாட்டோம் தம்பி. தங்குனதுதான் கணக்கு.

ஆகவே எண்ணிக்கையில் பார்க்க வேண்டியவை மூன்று: வந்தவர் எவ்வளவு நேரம் நின்றார், இன்னொரு இடுகையையும் திறந்தாரா, திரும்ப வந்தாரா. மொத்த எண்ணிக்கை நான்காவது.

6. தேடுபொறி

ஒருங்குறி பரவும் வரை தமிழ்ப் பக்கங்கள் திஸ்கி, தாப் எனப் பல குறியாக்கங்களில் கிடந்தன. எழுதியவர் பயன்படுத்திய எழுத்துரு படிப்பவரிடம் இல்லாவிட்டால் பொருளற்ற ரோமன் எழுத்துகளும் குறிகளுமே தெரியும். தேடுபொறிக்கும் அது தமிழாகப் படாது. ஒருங்குறி வந்தபின் எழுதியதெல்லாம் தேடலில் கிடைத்தது. உடனே உத்திகளும் வந்தன.

உத்தியார்: ஒரு பத்தியில ‘ஏரி’ங்கிற சொல் பத்து தடவை வரணும். இப்படி: ‘ஏரி பற்றிய இந்த ஏரிக் கட்டுரையில் ஏரி ஆர்வலர்களுக்கு ஏரித் தகவல்களும் ஏரிப் படங்களும்…’

ஏரியார்: கரை எப்ப வரும்?

உத்தியார்: போதாததுக்கு, வெள்ளைப் பக்கத்துல வெள்ளை எழுத்துல ஐந்நூறு சொல் கொட்டி வைக்கலாம். மனுஷனுக்குத் தெரியாது, கூகுளுக்குத் தெரியும்.

ஏரியார்: மெஷர்மென்ட் புக்குல இந்த மாதிரி எழுதினவங்களை எனக்குத் தெரியும். சஸ்பெண்ட் ஆனாங்க.

கூகுளும் அதைத்தான் செய்தது. பக்கத்தின் தலைப்பகுதியில் மறைவாக வைக்கும் குறிச்சொல் பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-இல் அறிவித்தது. 2011-இல் வந்த பாண்டா மாற்றம் சத்தில்லாத பக்கங்களையும், 2012-இல் வந்த பெங்குவின் மாற்றம் செயற்கையான இணைப்புகளையும் சொல் திணிப்பையும் கீழே தள்ளின. மிஞ்சியவை எளிய வழிகளே. படத்துக்குக் கீழே அது எந்த ஊர், எந்த மடை, எந்த ஆண்டு என்று எழுதுவது. ஒரே அமைப்பைச் சிலர் கலிங்கு என்றும் சிலர் கலங்கல் என்றும் தேடுவதால் இரண்டும் கட்டுரையில் இயல்பாக வரச் செய்வது. தொடர்புள்ள பழைய இடுகைக்கு இணைப்புத் தருவது. தகவல் மாறினால் இடுகையைத் திருத்துவது.

7. வருமானம்

கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் 2003-இல் தொடங்கியது. அது ஆதரிக்கும் மொழிகளில் தமிழ் சேர்ந்தது 2018 பிப்ரவரியில். தமிழ் வலைப்பூவால் பணக்காரர் ஆகும் வழிகளைத் தமிழ் வலைப்பூக்கள் அதற்கு வெகு காலம் முன்பே சொல்லிக்கொடுத்துவந்தன.

உத்தியார்: பத்து டாலர் சேந்தா கூகுள்ல இருந்து வீட்டுக்கே தபால் வரும் சார்.

ஏரியார்: செக்கா?

உத்தியார்: இல்ல, முகவரி சரிதானான்னு பாக்க ஒரு நம்பர். நூறு டாலர் ஆனாத்தான் பணம்.

ஏரியார்: பென்ஷனுக்கு நான் உயிரோட இருக்கேன்னு வருஷா வருஷம் நேர்காணல் போய்க் காட்டணும். அதுக்கு இது எவ்வளவோ தேவல.

வாசகர் சேருமுன் விளம்பரம் வைப்பதால் விளையும் ஒரே பயன், பக்கம் மெதுவாகத் திறப்பது.

8. நீடித்தல்

திரட்டிகளால் கூடிய கூட்டம் நேரில் சந்திக்கும் அளவுக்கு நெருங்கியது: பதிவர் விழாக்கள் 2012-இல் சென்னையிலும், 2014-இல் மதுரையிலும், 2015-இல் புதுக்கோட்டையிலும் நடந்தன. அதே ஆண்டுகளில் எழுத்து முகநூலுக்கும் வாட்சாப்புக்கும் இடம் பெயர்ந்தது. செய்தியோடைகளைத் தொகுத்துத் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-இல் மூடப்பட்டது. வாசகரை அடுத்தவர் கடையின் வழியாகவே பெற்றவர்கள், கடை மூடியதும் அவர்களை இழந்தார்கள். மின்னஞ்சல் முகவரி வாங்கி வைத்து, புது இடுகையைத் தாமே அனுப்பியவர்களுக்கு அந்த இழப்பு இல்லை.

வலைப்பூ நிற்பதற்குப் பெரிய காரணம் வாசகர் குறைவதல்ல, எழுதுபவர் ஓய்வதே. நின்றுபோன வலைப்பூவின் கடைசி இடுகை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்.

உத்தியார்: என்னோட எட்டுலயும் கடைசி இடுகை ஒண்ணுதான் சார். ‘வேலைப்பளுவால் எழுத இயலவில்லை. இனி வாரந்தோறும் சந்திப்போம்.’

ஏரியார்: எந்த வருஷம் எழுதுனது?

உத்தியார்: எட்டும் எட்டு வருஷம்.

ஏரியார்: நான் வாரமெல்லாம் சொல்ல மாட்டேன். எங்க பிரிவுல ஏரி நூத்துச்சொச்சம். மாசத்துக்கு ஒண்ணு போட்டா எட்டு வருஷத்துக்குக் காணும்.

உத்தியார்: அதுக்கப்புறம்? நான்தான் அப்பவே சொன்னேனே, தெரிஞ்சது தீந்துடும்னு.

ஏரியார்: எங்க தீரும்? எட்டு வருஷத்துல முதல் ஏரி திரும்பத் தூந்து போயிருக்கும் தம்பி. மறுபடி முதல்ல இருந்து எழுத வேண்டியதுதான்.