காசு கொடுத்துக் கெடுக்காதீர்கள்

கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்களுக்குக் காசு கொடுக்காமல் இருப்பதே அவர்களுக்குச் செய்யும் பெரிய மரியாதை. பெருநிறுவனங்கள் இதைச் சரியாகவே புரிந்துவைத்திருக்கின்றன. சான்று வேண்டுமா? வங்கிக் கணக்கு முதல் மின்னஞ்சல் வரை இணையத்தின் பெரும்பகுதியைப் பூட்டிக் காத்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் நன்கொடை வந்துகொண்டிருந்தது. முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். ஊருக்கெல்லாம் ஒரு காவலாளி, அவருக்கும் டீச்செலவு மட்டும்; இந்தச் சிக்கனத்தை எந்த மேலாண்மைக் கல்லூரி கற்றுத்தரும்? 2014இல் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டதும் நிறுவனங்கள் பதறிப்போய்ப் பணம் தர முன்வந்தன. நல்ல வறுமையைக் கெடுத்துவிட்டார்கள்.

ஆளில்லாவிட்டால் பிழைகள் தங்கிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். மூலநிரல்தான் எல்லார் கண்ணுக்கும் திறந்து கிடக்கிறதே! ஹார்ட்பிளீடும் அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் திறந்தே கிடந்தது. பராமரிப்பவர் சோர்ந்துபோனால்? "திருத்தம் எப்போது வரும்?" என்று நாலு மின்னஞ்சல் தட்டினால் சோர்வு பறந்துவிடும். உதவியும் தானாக வரும். எக்ஸ்ஸெட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியைத் தனியாளாகச் சுமந்து களைத்திருந்தவருக்குத் தோள்கொடுக்க ஒருவர் வந்தார். சம்பளம் கேட்கவில்லை, இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக உழைத்தார். அவர் அதில் கொல்லைப்புறக் கதவு ஒன்று வைத்திருந்தது 2024இல் தெரிந்தது. சேவையகத்துக்குள் நுழைய அரை நொடி தாமதமாகிறதே என்று ஒரு பொறியாளர் தோண்டிப் பார்த்ததால்தான் அது அகப்பட்டது. அதைத் தேடும்படி அவரை யாரும் பணிக்கவில்லை.