நாசில் அடைப்பும் நல்ல நாளும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில், காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும், மஞ்சள் நீராட்டுக்கும் மாவட்டச் செயலாளரின் பிறந்த நாளுக்கும் இத்தனை பேனர்கள் வைக்கப்படுவது எதனால் என்ற வினாவுக்கு, சமூகவியலார் புகழாசையால் என்றும், அரசியல் நோக்கர் விசுவாசத்தைக் காட்டிக்கொள்ளவே என்றும் விடை பகர்ந்திருக்கின்றனர். இவ்விரண்டும் காரியத்தைக் காரணமாக மயங்கிய பிழை என்பதும், பேனர் வைப்பதன் மூலகாரணம் அதை அச்சிடும் யந்திரத்தின் ஹெட் அடைத்துக்கொள்ளாதிருக்க வேண்டும் என்பதொன்றே என்பதும் இக்கட்டுரையில் ஸ்தாபிக்கப்படும். மனிதர் பிறப்பதும் பூப்பதும் மணப்பதும் மரிப்பதும் அதற்கு வாய்த்த சௌகரியமான நிமித்தங்கள்.

முதற்கண் ஹெட்டின் ஸ்வரூபம். ஃபிளெக்ஸ் கடைகளில் பரவலாகப் புழங்கும் கோனிகா ஹெட் ஒன்றில், தலைமயிரினும் நுண்ணிய 512 துவாரங்கள் உண்டு. இவற்றைத் தொழிலில் உள்ளோர் நாசில் என்பர். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் க்யூரி சகோதரர்கள் கண்டனர். மின்சாரம் பாய்ச்சினால் அதே படிகங்கள் நெளியும் என்பது மறு ஆண்டிலேயே தெளிவாயிற்று. அந்த நெளிவுதான் இன்று நம்மூர் ஹெட்டுக்குள் மையறையைப் பிசைந்து, 14 அல்லது 42 பிகோலிட்டர் அளவுள்ள துளியைத் துப்புகிறது. ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு பிகோலிட்டர் என்று அறிக. இத்துணை நுண்ணிய துளிகள் கூடித்தான் முப்பதடி அகலத்தில் ஒருவருடைய மீசை உருவாகிறது.

ஃபிளெக்ஸில் ஒட்டுவதற்கென்றே செய்யப்பட்ட சால்வென்ட் இங்க், காற்றுப் பட்டால் திரவம் ஆவியாகி, பிசினும் நிறப்பொடியும் மிஞ்சி, தோல்போல் இறுகிவிடும் இயல்புடையது. பேனரின்மேல் இது குணம். நாசிலின் வாயில் இதுவே தோஷம். ஓடுகிற யந்திரத்தில் பழைய துளி காயுமுன் புதுத்துளி அதைத் தள்ளிவிடும். ஓய்ந்திருக்கும் யந்திரத்தில் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே நாசில் அடைப்பு பெரும்பாலும் ஓய்வினால் வருவது என்ற சித்தாந்தம் பெறப்படுகிறது.

இதற்குப் பஞ்சாங்கமே சாட்சி. கல்யாணம் இல்லாத மாதங்கள் என்று நம்மவர் ஒதுக்கிய ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் ஹெட்டுக்கு ஆபத்தான மாதங்கள். ஆனால் ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் விழாவை முன்னோர் வகுத்தனர். மார்கழிக்கு ஐயப்ப பக்தர்கள் வந்து சேர்ந்தனர். போதாததற்கு மாமல்லபுரத்து நாட்டிய விழாவும் அம்மாதத்திலேயே தொடங்கலாயிற்று. 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றது. நாட்களை எண்ணிப் பார்ப்போர் அது முழுக்க முழுக்க ஆடியில் அடங்குவதைக் கண்டு வியப்பர். இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தது 2019 அக்டோபர் 11, 12, அதாவது புரட்டாசி. இவ்வளவும் தற்செயல் என்பவரோடு வாதிப்பதில் பயனில்லை.

அந்தப் புரட்டாசியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன், செப்டம்பர் 12 அன்று, பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அது இவ்வகை ஆராய்ச்சியின் விளையாட்டுக்கு உரிய செய்தியன்று. உயர் நீதிமன்றம் கடிந்தது. பேனர் வைக்க மாட்டோம் என்று கட்சிகள் உறுதி கூறின. இந்நிலையில்தான் இரு தலைவர்களை வரவேற்கப் பேனர் வைப்பதற்கு மாநில அரசே நீதிமன்றத்தின் வாயிலில் போய் நின்றது. விதிகளுக்கு உட்பட்டு வைக்க நீதிமன்றமும் தடை சொல்லவில்லை. வழக்கின் ஏடுகளில் நாசிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதிருப்பதை ராஜதந்திரம் என்றே கொள்கிறேன்.

பல்லவர்க்கு இந்த அடைப்புக் கவலை இருந்ததில்லை. தருமராஜ ரதத்தில் அரசனின் விருதுப் பெயர்களைப் பல்லவ கிரந்தத்தில் வெட்டுவித்தனர். இன்றைய பேனரில் பெயருக்கு முன் அணிவகுக்கும் பட்டங்களுக்கு அதுவே ஆதி. ஆனால் உளி உலர்வதில்லை. ஒரு தலைமுறை சும்மா வைத்திருந்து எடுத்தாலும் வெட்டும். அவசரமில்லாத கருவியால் விளைந்தது என்னவெனில், மாமல்லபுரத்தில் பல வேலைகள் இன்றளவும் அரைகுறையாகவே நிற்கின்றன. ஃபிளெக்ஸ் பேனர் எதுவும் அவ்வாறு பாதியில் நின்றதாகத் தெரியவில்லை.

இனி நோய் காணும் முறை. காலையில் கடை திறந்ததும் ஆபரேட்டர் ‘டெஸ்ட்’ அடிப்பார். ஒவ்வொரு நாசிலும் தனக்குரிய சிறு கோட்டைப் படிப்படியாக வரைந்து காட்டும். எங்கே கோடு இல்லையோ அங்கே நாசில் இல்லை. உடனே “அண்ணே, மெஜன்டா அடைச்சிருக்கு” என்று குரல் எழும். இது அவசரத் தீர்ப்பு. இரண்டு டெஸ்ட்களை அருகருகே வைத்து நோக்கினால், காணாத கோடு அதே இடத்திலேயே காணாதிருப்பின் அடைப்பு. இடம் மாறிக்கொண்டே போனால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. முதலில் எல்லாம் செவ்வையாக வந்து, சற்று ஓடியபின் கூட்டங்கூட்டமாக உதிர்ந்தால் இங்க் வரத்து போதாமல் ஹெட் பட்டினி கிடக்கிறது, ஃபில்டரை மாற்றாத பாவம். கோடு உண்டு, ஆனால் சாய்கிறது எனில் துவாரத்தின் விளிம்பில் நூலோ தூசியோ ஒட்டியிருக்கிறது. ஒரே சீரான இடைவெளியில் காணாமற்போனால் குற்றம் இங்கில் இல்லை, கேபிளில். இவற்றை வாதம், பித்தம், கபம் என்று மூன்றில் அடக்கிவிடும் சபலம் எனக்கு உண்டாயிற்று. கேபிள் எந்தத் தோஷத்திலும் அடங்காமையால் விட்டுவிட்டேன்.

மெஜன்டா அடியோடு நின்றுவிட்டால் தலைவரின் முகம் பச்சையாகும். கொடியின் சிவப்பு மஞ்சளாகும். ஒரே இரவில் ஒருவரைக் கட்சி மாற்றும் வல்லமை இவ்வாறு ஒரு துவாரத்துக்கு வாய்த்திருக்கிறது.

சிகிச்சையில் மென்மையே முறை. பர்ஜ் கொடுத்து இங்கை வெளியே தள்ளி, நாரில்லாத துணியைச் சொல்யூஷன் எனப்படும் துப்புரவுத் திரவத்தில் நனைத்து ஒற்ற வேண்டும், தேய்க்கலாகாது. தீராவிடில் சொல்யூஷன் தோய்ந்த பஞ்சின்மேல் ஹெட்டை இரவு முழுதும் இருத்தலாம். சிரிஞ்ச் கடைசி உபாயம். அதையும் பலங்கொண்டு அழுத்துவோர் அடைப்பை நீக்குவதற்கு முன் உள்ளறையை உடைத்துவிடுவர். சால்வென்ட் ஹெட்டில் வெந்நீர் விடுவோரைப் பற்றி நாகரிகம் கருதி மௌனம் சாதிக்கிறேன்.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை உள்ள கடைக்காரர் அடைப்புக்கெல்லாம் உப்புக்காற்றையே குற்றம் சாட்டுவர். இப்பூர்வபக்ஷம் பாதிதான் நிற்கும். உப்புக்காற்று நாசிலின் வாயில் புகுந்து அடைப்பதில்லை. கேபிளின் முனைகளையும் போர்டையும் அரிக்கிறது. அதன் பலனை டெஸ்டில் கண்டவர் அடைப்பென்று மயங்கிச் சொல்யூஷனைச் செலவழிக்கிறார். ஓயாமல் ஓடும் யந்திரமும் அடைக்கிறதே என்பது மற்றோர் ஆட்சேபம். விலை மலிவென்று இரண்டு கம்பெனி இங்கை ஒரே டேங்கில் கலந்தால் அவை திரிந்து கட்டியாகும். அதற்குச் சித்தாந்தி பொறுப்பல்லன். ஆயுத பூஜையன்று யந்திரத்தை நிறுத்தி, விபூதியும் குங்குமமும் இட்டு, சாம்பிராணிப் புகையும் காட்டுவது பக்திக்கு உகந்ததெனினும், ஓய்வும் தூசியும் ஒரே நாளில் கூடும் யோகம் வேறெந்த நாளுக்கும் இல்லை.

எஞ்சியது ஒரு சான்று. என் கொள்கைக்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை. கடையிலிருந்து வரும் ஃபிளெக்ஸின் ஓரத்தில் நான்கு நிறங்களும் பட்டைகளாக நெடுக ஓடும். அதை எந்தத் தலைவரும் கேட்டதில்லை, எந்தத் தாய்மாமனும் காசு கொடுத்ததில்லை. படத்தில் தேவைப்படாத நிறத்தின் நாசில்களும் ஓயாமல் துப்பிக்கொண்டிருக்கவே அப்பட்டை அச்சாகிறது; சட்டம் அடிக்கும்போது அதை வெட்டியோ மடித்தோ விடுகின்றனர். பேனரின் மூலபாடம் அப்பட்டையே. நடுவில் கைகூப்பி நிற்கும் பெருமகனார் பிற்கால இடைச்செருகல். இதை நேரில் சோதிக்க விரும்புவோர் வெட்டியெறியும் பட்டையைக் கடையில் கேட்டுப் பெறலாம். வெறுங்கையோடு போய்க் கேட்பது அவ்வளவு மரியாதையன்று. சிறியதாக ஒரு பேனருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் கேட்கலாம். என்ன விசேஷம் என்பார்கள். எதையாவது சொன்னால் போதும்.