7ஆம் நம்பர் அறைச் சீட்டுக்கட்டு

எண்பதுகளில் மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்தேன். ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்று தனிப் பிரிவெல்லாம் கிடையாது. மேனேஜர் மேஜையின் அடி டிராயர்தான் பிரிவு. பல்செட், ஒற்றைக் கொலுசு, ஜாதகக் கட்டு எல்லாம் அறை நம்பரும் தேதியும் எழுதிய பேப்பர் பொட்டலங்களாக அதற்குள் கிடக்கும்.

ரூம் பாய்க்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ஆனாலும் தலையணைக்கடியில் நகை தென்பட்டால் தொடமாட்டான். வாசலில் நின்று, “அண்ணே, ஒரு எட்டு வந்து பாத்துருங்க!” என்று கத்துவான். சாட்சி வந்தபிறகே கை வைப்பான். திருட்டுப் பட்டத்தோடு வேறெந்த லாட்ஜிலும் வேலை கிடைக்காது.

மேனேஜரோ கடமை தவறாதவர். லெட்ஜரைப் பார்த்து வீட்டு முகவரிக்கே 15 பைசா கார்டு போட்டுவிடுவார். ‘தாங்கள் 7ஆம் நம்பர் அறையில் விட்டுச்சென்ற சீட்டுக்கட்டு பத்திரமாக உள்ளது.’ பத்திரப் பதிவுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர் அந்த மனிதர். கார்டைத் தபால்காரர் படித்து, மனைவி படித்து, கடைசியாக அவர் படித்தார். மறுவாரமே நேரில் வந்தார், சீட்டுக்கட்டை வாங்கிப் போக அல்ல.

இன்று என் அக்கா மகன் சென்னையில் நட்சத்திர ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறான். பொருளைப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுப் பூட்டி வைக்கிறார்கள். “அவங்களா கேட்டாதான் சொல்லணும் மாமா. வீட்டுக்குத் தெரியாம வந்திருப்பாங்கல்ல?” என்றான். சீட்டுக்கட்டுக்காரர் நாற்பது வருஷம் முந்திப் பிறந்துவிட்டார்.

என் மைத்துனர் இன்னொரு பெரிய ஹோட்டலில் மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டார். போன் செய்தார். பொருள் இருக்கிறது என்றார்கள்; அடையாள அட்டை நகலோடு, மெயிலில் வரும் படிவத்தையும் நிரப்பி அனுப்பச் சொன்னார்கள். படிவம் வந்தது, பொடி எழுத்தில். அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும்.

டிராயர் போய் சாஃப்ட்வேர் வந்தாலும் சட்டம் பழையதுதான். கண்டெடுத்தவர் பொருளுக்குக் காவலர், சொந்தக்காரர் அல்ல என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 71. திருப்பிக் கொடுக்க எடுத்து வைப்பது குற்றமில்லை. உரியவரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் அமுக்கிக்கொண்டால் குற்றம். அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 403, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 314.

இந்தப் பிரிவெல்லாம் அந்த ரூம் பாய்க்குத் தெரியாது. இரண்டு கையெழுத்து விதியை மட்டும் அவன் அன்றைக்கே கடைப்பிடித்தான். அறையைக் காலி செய்யும்போது தலையணையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அவனுக்கும் ஒரு வேலை மிச்சம்.