மூத்த மைத்துனரை முறைக்கும் கேட்டை

பரணி தரணி ஆளும், மகம் ஜகத்தை ஆளும் என்பார்கள். பரணி மாப்பிள்ளைக்கு மகத்துப் பெண் வாய்த்தால் டிவி ரிமோட் யார் கையில் இருக்கும் என்பதைப் பற்றி மட்டும் பெரியவர்கள் வாயைத் திறக்கவில்லை. மற்றபடி 27 நட்சத்திரங்களையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு நடத்தைச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அதிலும் பெண்களுக்கு எழுதியதுதான் விசேஷம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது. ரேஷன் கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருப்பார்கள் போல; ஒருவரையும் விடவில்லை.

எனக்குக் கேட்டையை நினைத்தால்தான் பரிதாபமாக இருக்கிறது. விருச்சிகத்தின் நடுவே சிவப்பாக எரிகிற அந்த நட்சத்திரத்தைக் கொண்டுவந்து சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் அதன் வயிற்றுக்குள் போய்விடும். இன்று நாம் பார்க்கும் அதன் ஒளி ஏறக்குறைய 550 ஆண்டுகளுக்கு முன், வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்குவதற்கும் முன்பே, கிளம்பியது. அவ்வளவு பெரிய உருவம் அவ்வளவு தூரம் மெனக்கெட்டு வருவது, மேற்கு மாம்பலத்தில் சிவனே என்று வங்கி வேலை பார்க்கும் ஒரு மூத்த மைத்துனரைக் கவிழ்ப்பதற்காம்!

குணம் சொல்லியே தீரவேண்டும் என்றால், அவை நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்தாவது சொல்லலாம். 2019 கடைசியில் திருவாதிரை திடீரென்று மங்கத் தொடங்கியது. வெடிக்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பி, உலகமே தொலைநோக்கியும் கையுமாகக் கூடிவிட்டது. 2020 பிப்ரவரிக்குப் பிறகு பழையபடி பளிச்சென்று ஆகிவிட்டது. தான் கக்கிய தூசியே முகத்தை மறைத்திருக்கிறது. உறவெல்லாம் ராத்திரி பஸ் பிடித்து வந்து சேர்ந்த பிறகு எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிற பெரியப்பா குணம் இது.

திருவோணம் ஒரு பரபரப்பு ஆசாமி. தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளச் சூரியனுக்கு 25 நாள் போல ஆகிறது. இவருக்குப் பத்து மணி நேரம்கூட வேண்டாம். அந்த வேகத்தில் இடுப்புதான் பெருத்திருக்கிறது. (ஓடியாடினால் இடுப்பு இளைக்கும் என்கிற டாக்டர்கள் கவனிக்க.) பட்டப்பகலில் புரோகிதர் காட்ட, மாப்பிள்ளையும் கூசாமல் 'தெரியுது' என்று சொல்கிற அருந்ததி விஷயம் இன்னும் வேடிக்கை. ஆராய்ந்து பார்த்ததில் வசிஷ்டர் நான்கு நட்சத்திரம், அருந்ததி இரண்டு. தனிக்குடித்தனக் கனவில் இருக்கும் மணமக்களுக்கு ஆறு பேர் கொண்ட கூட்டுக் குடும்பத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

மூலத்திடம் வந்தால் சிரிப்பு வரவில்லை. ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று எதுகை கிடைத்த குஷியில் எவரோ சொல்லிவிட்டுப் போக, எத்தனை பெண்களின் ஜாதகம் தரகர் பையிலேயே கிடந்து கசங்கியிருக்கிறது! பிறந்த நேரத்தைச் சற்று முன்னே தள்ளி எழுதலாம் என்றால் கேட்டை. பின்னே தள்ளினால் பூராடம், அது நூலாடாதாம். மூன்று வீடு சேர்ந்தாற்போல் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே பாருங்கள். தேளின் கொடுக்கில் ஒட்டி நிற்கும் இரண்டு நட்சத்திரங்கள் இருக்கிற இடம்தான் மூலம். மாமனார் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். ஒன்றும் ஆகாது.